புது மனச்சோர்வு மருந்தைத் தொடங்குகிறீர்களா? முதல் 12 வாரத்துக்கு ஒரு வழிகாட்டி

மனச்சோர்வுக்கும் சமூகப் பதற்றத்துக்கும் (பிறர் முன்னால் பேசவும் பழகவும் வரும் கடும் பயம்) சேர்த்து எனக்கு முதல்முறை மாத்திரை எழுதிக் கொடுத்தபோது, 9ஆம் நாளே நிறுத்திவிட்டேன். வயிற்றைப் புரட்டியது, படபடப்பு முன்பைவிடக் கூடியது. 'இது நமக்கு ஒத்துவராது' என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். நிறுத்தியதை டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டு மூன்று மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. இரண்டாவது மருந்து ஓரளவு வேலை செய்தது. ஆனால் எப்போது அளவைக் கூட்டினார்கள், எப்போது தூக்கம் திரும்பியது என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்காது. போதாக்குறைக்கு ஒரு விடுமுறையில் மாத்திரை தீர்ந்துபோய், நான்கு நாள் தலைக்குள் கரண்ட் அடித்ததுபோல் கிடந்தேன்.

மூன்றாவது மருந்தைத்தான் ஒழுங்காக முயன்றேன். அப்போது புதிதாகச் செய்தது ஒரே ஒரு காரியம்: ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். சோர்ந்த மனம் நல்ல நாளை மறந்துவிடும், மோசமான நாளை மட்டும் பத்திரமாக வைத்திருக்கும். அந்த ஞாபகத்தை நம்பி மருந்தைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது.

எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதெல்லாம் டாக்டர் எடுக்கும் முடிவு. கீழே இருப்பது நம் பக்கத்து வேலை.

1. டாக்டரைப் பார்க்கும் முன் ஒரு தாள் எழுதுங்கள்

சமூகப் பதற்றம் உள்ளவருக்கு டாக்டரின் அறையே ஒரு பரீட்சைதான். 'எப்படி இருக்கீங்க?' என்று அவர் கேட்டதும் 'பரவாயில்லை டாக்டர்' என்று வாய் தானாகச் சொல்லிவிடும். வெளியே வந்து படி இறங்கும்போதுதான் சொல்ல நினைத்தது எல்லாம் வரிசையாக ஞாபகம் வரும். ஆகவே பேசிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், எழுதியதை நீட்டிவிடுங்கள். தாளைப் பார்த்து முகம் சுளித்த டாக்டரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அதில் இவை இருக்கட்டும்:

- முன்பு எடுத்த மனநல மருந்துகள்: பெயர், அதிகபட்ச அளவு, எத்தனை வாரம், ஏன் நிறுத்தினீர்கள். இதில் உண்மையைச் சொல்லுங்கள். சரியான அளவில் 6 வாரம் எடுத்தும் பலன் இல்லை என்பது வேறு, 9 நாளில் நிறுத்தினேன் என்பது வேறு. இரண்டாவதை மருந்தின் தோல்வியாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அதே மருந்தைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கினால் ஒத்துப்போகவும் வாய்ப்பு உண்டு.
- இப்போது எடுக்கும் எல்லாமே: வலி மாத்திரை, இருமல் மருந்து, தூக்க மாத்திரை, மூலிகை மருந்து, சத்து மாத்திரை. 'இதெல்லாம் மருந்தா?' என்று தோன்றுவதைத்தான் முதலில் எழுத வேண்டும்.
- வலிப்பு, இதயக் கோளாறு, ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், கல்லீரல், சிறுநீரகம், வயிற்றில் ரத்தக் கசிவு ஆகியவற்றில் ஏதாவது இருந்ததா என்பது. கர்ப்பம், அதற்கான திட்டம், தாய்ப்பால் கொடுப்பது ஆகியவையும்.
- மதுப் பழக்கம், வேறு போதைப் பொருள். அளவைக் குறைத்து எழுதாதீர்கள்.
- தற்கொலை எண்ணம் வந்ததா, எப்போது வந்தது.

இன்னொன்றைத் தனி வரியாக எழுதுங்கள். தூக்கமே இல்லாமல், ஆனால் களைப்பும் இல்லாமல், பேச்சும் செலவும் திட்டங்களுமாகச் சில நாட்கள் ஓடியதுண்டா? குடும்பத்தில் யாருக்காவது இருமுனைக் கோளாறு (சோர்வும் அதீத உற்சாகமும் மாறி மாறி வரும் நோய்) உண்டா? அப்படி இருந்தால், மனச்சோர்வு மருந்தைத் தனியாகக் கொடுப்பது மனதை எதிர்ப்பக்கம் தூக்கி எறிந்துவிடலாம். சோர்வாக இருக்கும்போது இந்த உற்சாக நாட்களைப் பற்றிச் சொல்ல நமக்குத் தோன்றாது. டாக்டர் கேட்காமல் விட்டாலும் நாம் எழுத வேண்டியது இதனால்தான்.

கடைசியாக, சமூகப் பதற்றம். 'எனக்குக் கூச்சம் அதிகம்' என்று எழுதினால் அது காணாமல் போய்விடும். போன் அடித்தால் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கூட்டத்தில் என் பெயரைச் சொல்லும் முறை வருவதற்குள் வியர்த்துவிடுகிறது, பிறர் பார்க்கக் கையெழுத்துப் போட்டால் கை நடுங்குகிறது என்று நடப்பதை எழுதுங்கள். மனச்சோர்வை மட்டும் கவனித்து, இதை வெறும் சுபாவம் என்று விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. எனக்கே முதல் இரண்டு டாக்டரிடம் இது பேச்சிலேயே வரவில்லை.

2. ஆரம்ப மதிப்பெண்ணைக் குறித்து வையுங்கள்

பிஎச்க்யூ-9 என்று ஒரு கேள்வித்தாள் உண்டு. மனச்சோர்வுக்கான 9 கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். கடந்த 2 வாரத்தை நினைத்துப் பதில் எழுத வேண்டும். சமூகப் பதற்றத்துக்கு ஸ்பின் என்ற 17 கேள்வித் தாள் இருக்கிறது. இரண்டையும் நிரப்ப 10 நிமிடம் ஆகாது. முதல் மாத்திரைக்கு முன் ஒருமுறை நிரப்பித் தேதி போட்டு வையுங்கள். பிறகு 2 வாரத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். தினமும் செய்தால் அதுவே ஒரு நோயாகிவிடும்.

3. டாக்டரிடம் கேட்க வேண்டியவை

இரண்டு பிரச்சினைக்கும் சேர்த்து முதலில் எழுதுவது பெரும்பாலும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்து, அதாவது மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கூடுதலாகக் கிடைக்கச் செய்வது. செர்ட்ரலின், எஸ்சிட்டாலோபிராம், பராக்ஸெட்டின் எல்லாம் இந்தக் குடும்பம். அடுத்த குடும்பம் எஸ்என்ஆர்ஐ, அது செரட்டோனினோடு நோரெபிநெஃப்ரின் என்ற இன்னொரு வேதிப்பொருளையும் கூட்டும். அதில் வென்லாஃபாக்ஸினைச் சமூகப் பதற்றத்துக்கும் கொடுப்பார்கள். புப்ரோப்பியான் மனச்சோர்வுக்கு நல்ல மருந்துதான், ஆனால் சமூகப் பதற்றத்துக்கு அதை நம்பிப் போவதில்லை. வலிப்பு வந்தவர்களுக்கும், உணவுக் கோளாறு (பட்டினி கிடப்பது, அளவின்றித் தின்று வாந்தி எடுப்பது போன்ற மனநலப் பிரச்சினை) உள்ளவர்களுக்கும் அதைத் தவிர்ப்பார்கள். மிர்ட்டஸபின் தூக்கத்தையும் பசியையும் கூட்டும், அது சிலருக்கு வரம், சிலருக்குத் தொல்லை.

கேள்விகளைத் தாளின் பின்பக்கம் எழுதி, பதிலையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்:

- தொடக்க அளவு என்ன, எந்தத் தேதியில் கூட்ட வேண்டும், எதுவரை கூட்டலாம்?
- காலையிலா இரவிலா? சாப்பாட்டுக்கு முன்பா பின்பா?
- நான் எடுக்கும் மற்ற மருந்துகளோடு மோதுமா?
- ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது?
- பக்கவிளைவு தாங்காவிட்டால் யாரை, எந்த எண்ணில் கூப்பிடுவது?
- அடுத்த சந்திப்பு எப்போது?

எழுதிக் கேட்கப் பயந்து சும்மா வந்த நாட்களில் எனக்கு அதிகம் நஷ்டமானது ஐந்தாவது கேள்விதான். எண் கையில் இருந்திருந்தால் அந்த 9ஆம் நாள் ஒரு போனோடு முடிந்திருக்கும். 'போன் பேசவே பயம், மெசேஜ் அனுப்பலாமா?' என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

4. பரிசோதனை

எல்லாருக்கும் ஒரே பட்டியல் கிடையாது. தைராய்டு குறைவும் ரத்தசோகையும் சோர்வாகவே வெளிப்படும் என்பதால் அவற்றைப் பார்க்கச் சொல்வது வழக்கம். வயதானவர்களுக்கும், சிறுநீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கும் ரத்தத்தில் சோடியம் பார்ப்பார்கள், ஏனென்றால் இந்த மருந்துகளில் அது இறங்கக்கூடும். சிட்டாலோபிராம் அல்லது எஸ்சிட்டாலோபிராம் என்றால், இதயக் கோளாறு இருப்பவர்களுக்கு ஈசிஜி. வென்லாஃபாக்ஸின் என்றால் ரத்த அழுத்தம். அண்மையில் எடுத்த ரிப்போர்ட் இருந்தால் கொண்டு போங்கள், ஒரே பரிசோதனைக்கு இரண்டு முறை காசு கட்ட வேண்டாம்.

5. செலவை 12 வாரத்துக்கும் சேர்த்துப் போடுங்கள்

இது எனக்குத் தெரியாமல் போன விஷயம். மாத்திரை விலையை மட்டும் பார்த்துத் தொடங்கினேன். முதல் 3 மாதத்தில் மூன்று நான்கு முறையாவது டாக்டரைப் பார்க்க வேண்டிவரும். பரிசோதனை, போக்குவரத்து, வேலையில் விடுப்பு, மனநல ஆலோசகரிடம் போனால் அந்தக் கட்டணம், இவை எல்லாம் சேர்ந்ததுதான் செலவு. கையில் காசில்லாமல் 5ஆம் வாரத்தில் நிறுத்துவதுதான் எல்லாவற்றையும்விட வீண். பக்கவிளைவுகளைத் தாங்கி முடித்து, பலன் வரும் நேரத்தில் விடுகிறோம்.

குறைக்க வழி உண்டு. மேலே சொன்ன மருந்துகளில் பெரும்பாலானவை பழையவை, ஜெனரிக்காக (பிராண்ட் பெயர் இல்லாமல், அதே மருந்தாக) கிடைப்பவை. பெயர்பெற்ற பிராண்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பதால் மனம் கூடுதலாகத் தெளியாது. புத்தம்புது மருந்தை எழுதினால், அதே வேலைக்குப் பழைய மருந்து ஏதாவது ஒத்துவருமா என்று கேட்பதில் தப்பில்லை. காப்பீடு இருந்தால், படுக்கையில் சேராமல் எடுக்கும் மனநல சிகிச்சைக்குப் பணம் உண்டா, முன் அனுமதி தேவையா என்று தொடங்கும் முன்பே கேளுங்கள்.

முதல் முறை 14 நாள் மாத்திரைக்கு மேல் வாங்காதீர்கள். பலருக்கு அளவோ மருந்தோ மாறும்.

6. மருந்துக்கடையிலும் கோப்பிலும்

கடையில் கொடுத்ததை வீட்டுக்கு வந்து பார்க்காதீர்கள், அங்கேயே பாருங்கள். மருந்தின் மூலப்பெயர் சீட்டில் உள்ளதா, மில்லிகிராம் சரியா, காலாவதித் தேதி என்ன. எஸ்சிட்டாலோபிராமும் சிட்டாலோபிராமும் பெயரில் ஒட்டிப் பிறந்தவை, அளவில் ஒன்றல்ல. எக்ஸ்ஆர், எஸ்ஆர் என்று முடிந்தால் அது மெதுவாகக் கரையும் வகை, அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. சில மாத்திரைகளில் குளோனஸபாம் போன்ற பதற்ற மருந்தும் சேர்ந்திருக்கும். அது பழக்கமாகிவிடக்கூடியது, திடீரென்று நிறுத்தவும் முடியாது. உங்களுக்கு எழுதியது ஒற்றை மருந்தா கலவையா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு கோப்பில் மருந்துச் சீட்டுகள், பில்கள், ரிப்போர்ட்டுகள், மதிப்பெண் தாள்கள். எல்லாவற்றையும் செல்போனில் படமும் எடுத்து வையுங்கள். டாக்டர் மாறினால் இந்தக் கோப்புதான் உங்கள் வாய். வேலைக்கான விடுப்புச் சான்றிதழில் நோயின் பெயரைக் குறிப்பிடாமல் எழுத முடியுமா என்று கேட்கலாம். வெளிநாடு போனால் மாத்திரைகளைக் கடைப் பெட்டியோடும் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். தூக்க, பதற்ற மாத்திரைகளுக்குச் சில நாடுகளில் கட்டுப்பாடு உண்டு, முன்கூட்டியே விசாரியுங்கள்.

7. முதல் 2 வாரம்: பக்கவிளைவு முன்னால் வரும், பலன் பின்னால் வரும்

இந்த ஒரு வரியை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும். குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, வாய் உலர்தல், வியர்வை, விசித்திரமான கனவுகள், தூக்கம் கெடுவது அல்லது தூங்கி வழிவது எல்லாம் முதல் சில நாட்களில் வரும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தணிந்துவிடும். குமட்டினால் சாப்பாட்டுக்குப் பின் எடுத்துப் பாருங்கள். தூக்கம் கெட்டால் காலைக்கும், தூக்கம் அழுத்தினால் இரவுக்கும் மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். உங்கள் உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று தெரியும்வரை வண்டி ஓட்டாதீர்கள். மது வேண்டாம்.

பதற்றம் உள்ளவர்களுக்கு ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. மருந்து தொடங்கியவுடன் படபடப்பு கொஞ்சம் கூடும். நாமோ நெஞ்சு ஒரு துடிப்பு அதிகம் துடித்தாலே கவனிக்கும் ஜாதி. அதனால்தான் பதற்றத்துக்குக் குறைந்த அளவில் தொடங்குகிறார்கள். செர்ட்ரலின் என்றால் முதல் வாரம் 25 மி.கி., பிறகு 50 என்று போவது பழக்கமான முறை. அதுவும் தாங்கவில்லை என்றால் இன்னும் மெதுவாகப் போக வழி கேளுங்கள். சிலருக்கு முதல் சில நாட்களுக்கு மட்டும் பதற்ற மாத்திரை ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பார்கள். எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்று அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நோட்டில் தினமும் ஒரு வரி போதும்: தேதி, அளவு, எடுத்த நேரம், தூங்கிய மணி, உடம்பில் என்ன. '6ஆம் நாள். குமட்டல் குறைவு. 5 மணி நேரம் தூக்கம்.' அவ்வளவுதான். ஒரு வேளை மறந்தால் அன்றே நினைவு வந்ததும் எடுக்கலாம். மறுநாள் மாத்திரை நேரம் நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்து எடுக்காதீர்கள்.

பாலுறவு ஆர்வம் குறைவது, உச்சம் தள்ளிப்போவது அடிக்கடி வரும் பக்கவிளைவு. இது மற்றவைபோல் தானாகத் தணியும் என்று சொல்ல முடியாது. பலர் இதை வெளியே சொல்ல முடியாமல் ரகசியமாக மருந்தை நிறுத்துகிறார்கள். தாளில் ஒரு வரி எழுதி நீட்டுங்கள். அளவைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது என்று வழிகள் உண்டு.

8. உடனே உதவி தேட வேண்டியவை

இதற்கு மட்டும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள்.

தற்கொலை எண்ணம் புதிதாக வந்தாலோ, இருந்தது கூடினாலோ, இருப்புக்கொள்ளாத தவிப்பு வந்தாலோ உடனே டாக்டரை அழையுங்கள். அந்த எண்ணம் அழுத்தமாக இருந்தால் தனியாக இருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தொடக்க வாரங்களிலும் அளவு மாறும்போதும் இந்த ஆபத்து கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடவைத்திருக்கிறது. தொடங்கும் முன் வீட்டில் ஒருவரிடமாவது 'நான் மாறித் தெரிந்தால் சொல்' என்று சொல்லி வையுங்கள்.

காய்ச்சல், கடும் வியர்வை, நடுக்கம், தசை விறைப்பு அல்லது துள்ளல், வயிற்றுப்போக்கு, குழப்பம் எல்லாம் சேர்ந்து வந்தால் அது செரட்டோனின் அளவு மீறியதாக இருக்கலாம். பெரும்பாலும் இரண்டு மருந்துகள் மோதும்போது வரும். டிரமடால் வலி மாத்திரை, டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் உள்ள இருமல் மருந்து, லினஸோலிட் ஆன்டிபயாடிக், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை ஆகியவற்றைக் கேட்காமல் சேர்க்காதீர்கள். இபுப்ரோஃபன், ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகள் வேறு விதத்தில் சிக்கல்: ரத்தக் கசிவு வாய்ப்பைக் கூட்டும். தூக்கமே தேவைப்படாத அதீத உற்சாகம், உடம்பெல்லாம் தடிப்பு, மயக்கம் ஆகியவையும் இந்தப் பட்டியலில்தான்.

9. 3ஆம் வாரத்திலிருந்து 12ஆம் வாரம் வரை

முதலில் திரும்புவது பெரும்பாலும் மகிழ்ச்சி அல்ல. எனக்குத் தூக்கம் திரும்பியது, அப்புறம் குளிக்க எழுவது எளிதானது. 'சந்தோஷமாக இல்லையே' என்ற எண்ணத்தில் இவற்றைக் கவனிக்காமலே விட்டிருப்பேன், நோட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. சிலசமயம் நம்மைவிட வீட்டில் இருப்பவர்கள் முதலில் பார்ப்பார்கள்.

மனச்சோர்வில் முழுப் பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். 4 வாரத்தில் துளியும் மாற்றம் இல்லையென்றால் டாக்டர் அளவைக் கூட்டுவதையோ மருந்தை மாற்றுவதையோ யோசிப்பார். பிஎச்க்யூ-9 மதிப்பெண் 5 குறைந்தாலே அது கணக்கில் எடுக்க வேண்டிய மாற்றம். சமூகப் பதற்றம் இதைவிட மெதுவாக நகரும், 12 வாரம் வரை கூட ஆகலாம். சோர்வு குறைந்த பிறகும் போன் அடித்தால் நெஞ்சு அடைக்கிறதே என்று 6ஆம் வாரத்தில் மனம் விட்டுவிடாதீர்கள்.

ஆனால் ஒன்று. பயத்தின் சத்தத்தை மாத்திரை குறைக்கும், போனை எடுத்துக் காதில் வைக்காது. தவிர்த்துத் தவிர்த்துப் பழகிய பழக்கம் அப்படியே இருக்கும். சத்தம் குறைந்த அந்த வாரங்களில்தான் சிறு சிறு காரியங்களைச் செய்து பார்க்க வேண்டும். கடையில் ஒரு கேள்வி கேட்பது, கூட்டத்தில் ஒரு வாக்கியம் பேசுவது என்று வாரத்துக்கு இரண்டு வைத்துக்கொண்டேன். இதை முறையாகச் சொல்லித்தரும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை சமூகப் பதற்றத்துக்கு நன்றாக வேலை செய்வது. காசும் ஆளும் கிடைத்தால் மருந்தோடு சேர்த்துச் செய்யுங்கள். மேடை நடுக்கத்துக்குச் சிலர் ப்ரொப்ரனலால் எடுக்கிறார்கள். அது அந்த ஒரு நிகழ்ச்சிக்கான கை நடுக்கத்தையும் நெஞ்சுத் துடிப்பையும் குறைப்பது, தினசரிப் பதற்றத்துக்கு அல்ல. ஆஸ்துமா உள்ளவர்கள் நண்பரிடம் வாங்கிப் போட்டுக்கொள்ளவே கூடாது.

10. மாற்ற வேண்டி வந்தால்

முதல் மருந்திலேயே முழுக்கக் குணமாகிறவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே இரண்டாவதுக்குப் போவது சாதாரண விஷயம். பழையதைக் குறைத்துக்கொண்டே புதியதைக் கூட்டலாம், சிலவற்றை நேராக மாற்றலாம், சிலவற்றுக்கு நடுவில் இடைவெளி தேவை. ஃப்ளூவாக்ஸெட்டின் உடம்பில் நெடுநாள் தங்கும். அதை விட்டு எம்ஏஓஐ எனும் பழைய வகை மருந்துக்குப் போக 5 வாரம் காத்திருக்க வேண்டும். தேதி வாரியாக அட்டவணை போட்டுத் தரச் சொல்லி, அதை மாத்திரைப் பெட்டி மேல் ஒட்டிவிடுங்கள். பழைய மாத்திரையைத் தனிப் பெட்டியில் வையுங்கள். நான் ஒருநாள் இரண்டையும் முழு அளவில் எடுத்துவிட்டு இரவெல்லாம் பயந்து உட்கார்ந்திருந்தேன்.

11. நிறுத்துவது

நன்றாக இருக்கிறது என்பதற்காக நிறுத்தாதீர்கள், மருந்து வேலை செய்வதால்தான் நன்றாக இருக்கிறது. மனச்சோர்வு சரியான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடரச் சொல்வார்கள். சமூகப் பதற்றத்துக்கும் அப்படித்தான், பெரும்பாலும் இன்னும் நீளும். திரும்பத் திரும்ப வந்தவர்களுக்குக் கணக்கு வேறு.

இந்த மாத்திரைகளுக்காக மனம் ஏங்காது, ஆனால் உடம்பு பழகிவிடும். சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, தலைக்குள் மின்னதிர்வு. பராக்ஸெட்டினும் வென்லாஃபாக்ஸினும் இதில் மோசமானவை. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைக்க வேண்டும். கடைசிப் படிகளில்தான் அதிகம் தடுமாறும் என்பதால் முடிவில் இன்னும் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். குறைத்த சில நாளில் வரும் மின்னதிர்வு மருந்து விடுவதால் வருவது. சில வாரம் கழித்து மெல்லத் திரும்பும் சோர்வு பழைய நோயாக இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க நோட்டில் உள்ள தேதிகள்தான் உதவும்.

அதுவரை கையில் எப்போதும் 7 நாள் மாத்திரை கூடுதலாக இருக்கட்டும். அட்டையில் 10 மீதி இருக்கும்போதே அடுத்த சீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். மீந்த பழைய மாத்திரைகளை வீட்டில் சேர்த்து வைக்காமல், திரும்ப வாங்கும் மருந்துக்கடை இருந்தால் அங்கே கொடுத்துவிடுங்கள்.